வேலை முடிஞ்சுதா?

அப்பா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. பொன்மலையில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை அவருடைய காலைப்பொழுது மாறவில்லை. ஒரு டம்ளர் காபி, நான்காக மடித்த 'தி இந்து', ஒரு பால்பாயிண்ட் பேனா. குறுக்கெழுத்தைப் பென்சிலில் போடுவது அவருக்குப் பிடிக்காது. "அழிச்சுக்கலாம்னு தெரிஞ்சா யோசிக்க மாட்டே" என்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு குறிப்பைக் காட்டினார். அதில் 'பிளவர்' என்று ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. ரோஜா, தாமரை, லில்லி என்று தெரிந்த பூக்களையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விடை ஒரு நதியின் பெயர். 'பிளோ' என்றால் ஓடுவது. ஓடுகிற எதையும் 'பிளோ-அர்' என்று சொல்லலாம் அல்லவா? தாளில் எழுதினால் அதுவும் பூவும் ஒரே எழுத்துகள்தான். ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். அப்பா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"பூன்னு அவன் எங்கடா சொன்னான்? நீதான் சொல்லிக்கிட்டே."

அன்று அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. பொய்யே சொல்லாமல் ஒரு ஆளை முழுசாகத் தப்பான தெருவுக்கு அனுப்ப முடியும். போனவன் திரும்பி வந்து சண்டை போடவும் முடியாது, அவன் தானாகத்தான் போனான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு தொடங்கியபோது இத்தனை வில்லங்கம் இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரில் குறிப்புகள் எல்லாம் நேரடியானவை. அது இங்கிலாந்துக்குப் போய்த்தான் முறுக்கிக்கொண்டது. 1926இலிருந்து 'அப்சர்வர்' இதழில் எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ் என்பவர் 'டார்க்கமாடா' என்ற புனைபெயரில் புதிர் போட்டார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தி மனிதர்களை வதைத்த ஆளின் பெயர் அது. 1939இல் மாதர்ஸ் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் மக்நட் என்ற பள்ளி ஆசிரியர். லத்தீனும் கிரேக்கமும் நடத்தியவர். அவரும் இன்னொரு மதவிசாரணைக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டார், 'ஸிமெனீஸ்'. வேடிக்கை என்னவென்றால், சித்திரவதைக்காரனின் பெயரை வைத்துக்கொண்ட இந்த மனிதர்தான் விளையாட்டுக்குச் சட்டம் எழுதினார். 1966இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: குறிப்பில் விடைக்கான துல்லியமான பொருள் ஒன்று இருக்கவேண்டும், விடையை இன்னொரு வழியாக அடைய ஒரு நியாயமான தடம் இருக்கவேண்டும், இவை இரண்டையும் தவிர வேறு ஒரு சொல்கூட இருக்கக்கூடாது. அவருக்கும் முன்பே, 1949இல், 'அஃப்ரிட்' என்ற பெயரில் எழுதிய ரிட்சி இன்னொன்றை வலியுறுத்தியிருந்தார். குறிப்பு எதைச் சொல்வதுபோலத் தோன்றினாலும் பரவாயில்லை, சொல்லவேண்டியது அந்தச் சொற்களுக்குள் இருந்தே ஆகவேண்டும்.

தமிழில் வார இதழ்களில் வரும் குறுக்கெழுத்து வேறு ஜாதி. இடமிருந்து வலம் போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல் எல்லாம் உண்டு. "இந்தப் பூ கலைந்து கிடக்கிறது" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பாட்டி மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் போட்டுவிடுவாள். ஆனால் சிலேடை ஊறிப்போன மொழிக்கு முறுக்கிய குறிப்பு வராமலா போகும்? இணையத்தில் அப்படிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து நானும் போட ஆரம்பித்தேன். நண்பர்களுக்குள் சுற்றுகிற சின்னக் கட்டங்கள், அவ்வளவுதான். முதல் சோதனை எலி அப்பா.

நான் பெருமைப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். "மணமக்கள் மாற்றிக்கொள்வது சாயங்காலம்", இரண்டு எழுத்து. படித்ததும் ரிசப்ஷனுக்குப் புடவை மாற்றுவது, கோட் போடுவது எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும். விடை மாலை. மணமக்கள் மாற்றிக்கொள்வதும் அதுதான், சாயங்காலமும் அதுதான். இன்னொன்றில் திட்டு வாங்கினேன். "தப்பிக்க வழி கூரைமேல்" என்று எழுதியிருந்தேன், விடை ஓடு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வழிங்கிறது பெயர்ச்சொல். ஓடுங்கிறது ஏவல். ரெண்டும் எப்படிடா ஒண்ணாகும்? எனக்கு விடை வந்துருச்சு, ஆனா நீ நியாயமா தரல." ஒரு வாரம் யோசித்து "விரைந்து செல், கூரைமேல் இருக்கிறது" என்று மாற்றினேன். அதற்கு அவர் போட்ட ஒற்றை டிக் இன்னும் என் போனில் இருக்கிறது.

ஒருவரை ஏமாற்றுகிற வேலைக்கு இவ்வளவு நேர்மை தேவைப்படுகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். அதனாலேயே, அடுத்துச் சொல்லப்போவதைச் செய்தபோது அதையும் நேர்மை என்றே நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஜூன் மாதம் எனக்கு வேலை போயிற்று. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி. பன்னிரண்டு நிமிட வீடியோ கால், அதில் மூன்று நிமிடம் ஆடியோ சரியில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து படுத்திருந்தேன். ஆறரைக்கு அப்பா கூப்பிட்டார். தினமும் கூப்பிடுவார். தினமும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

முதல் நாள் அது திட்டம் போட்டுச் சொன்னதில்லை, சத்தியமாக. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், வந்த சொற்கள் அவை. அவர் "சரி, நேரத்துக்குச் சாப்பிட்டுப் படு" என்றார். அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டுக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்தியிருக்கலாம். அரை விநாடி போதும். திருத்தவில்லை. இரண்டாம் நாள் அதே கேள்வி வந்தபோது அதே பதிலைத் தெரிந்தே சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து, இதை எழுதக் கூசுகிறது, அந்த வாக்கியத்தை ரசிக்கத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு கச்சிதம்! ஒரு சொல் மிகையில்லை. இரண்டு பொருளும் இலக்கணச் சுத்தம். ஸிமெனீஸ் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

பிறகு அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. "ஆபீஸ் போறியா, வீட்லேர்ந்தா?" என்றால் "வீட்லதாம்ப்பா இருக்கேன்." ரயில்வேக்காரர் அல்லவா, இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் கவலை: "தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?" "லீவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லப்பா." ஒவ்வொன்றும் உண்மை. பதினோரு வாரம் என் அப்பாவிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் ரத்த அழுத்தம் ஏறி மாத்திரையை மாற்றியிருந்தார்கள். அடுத்த வேலை கிடைத்ததும் ரெண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இந்த மாதிரிக் காரணங்கள் எல்லோரிடமும் இருக்கும், அதில் புதிதாக ஒன்றுமில்லை. நான் கேட்க நினைப்பது வேறு. பொய் சொல்லியே மறைத்திருக்கலாமே. "ஆமாப்பா, இன்னைக்கு ஆபீஸ்ல செம வேலை" என்று. ஏன் அதைச் செய்யவில்லை? அது கீழான காரியம், இது கொஞ்சம் மேல் என்று எனக்குள் எதுவோ தீர்மானமாக நம்பியது. அந்த நம்பிக்கை சரிதானா?

இந்த நம்பிக்கையில் நான் தனியாள் இல்லை. பொய்யே கூடாது என்பதில் இம்மானுவேல் காண்ட் அளவுக்குப் பிடிவாதக்காரர் கிடையாது. கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்று 1797இல் கட்டுரை எழுதியவர். அதே காண்ட் அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1794இல், பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரடெரிக் வில்லியமிடம் மாட்டிக்கொண்டார். சமயம் பற்றிய எழுத்துக்காகக் கண்டனம் வந்தது. இனி சமயம் பற்றிப் பொதுவெளியில் பேசவோ எழுதவோ மாட்டேன் என்று காண்ட் வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, அரசருடைய மிக விசுவாசமான குடிமகன் என்ற முறையில் என்று ஒரு தொடரைச் சேர்த்தார். படிப்பவருக்கு அது வெறும் பணிவு. 1797இல் அரசர் இறந்தார். இப்போது நான் அவருடைய குடிமகன் இல்லையே என்று 1798இல் காண்ட் மறுபடி சமயம் பற்றி அச்சிட்டார். அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே விளக்கமும் தந்தார்: அந்தத் தொடரை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன், அந்த அரசர் உயிரோடு இருக்கும்வரைக்கும் மட்டும் என் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தேன் என்று.

முதல் தடவை இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். இது அச்சு அசல் குறுக்கெழுத்துக் குறிப்பு. ஒரு சொல்கூட வீணில்லை. பத்திரிகைகள் செய்வதைப்போல விடையையும் வெளியிட்டுவிட்டார். என்ன, விடை வந்தபோது புதிரை அவிழ்க்கவேண்டிய ஆள் செத்துப்போயிருந்தார்.

காண்டை நான் குறை சொல்ல மாட்டேன். எதிரே இருந்தது கையில் அதிகாரம் வைத்திருந்த அரசன், கேட்கவே உரிமையில்லாத ஒன்றைக் கேட்டவன். என் எதிரே இருந்தவர் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிற மனிதர். வாக்கியத்தின் கட்டமைப்பு ஒன்று, செய்த காரியம் ஒன்றில்லை. ஆகவே வாக்கியத்தை மட்டும் வைத்து, பொய் இல்லை, அதனால் பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டதில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஜெனிஃபர் சால் என்ற தத்துவவாதி 2012இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பொய் சொல்லி ஏமாற்றுவதைவிட உண்மையைச் சொல்லி ஏமாற்றுவது பொதுவாக மேலானது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அவரைப் படிக்கும்போது சரியென்றுதான் பட்டது. ஆனால் எனக்கு அது புரிந்தது ஒரு கூரியர் கவரில்.

ரிலீவிங் லெட்டரையும் கணக்குத் தீர்த்த தாள்களையும் கம்பெனி என் நிரந்தர முகவரிக்கு அனுப்பிவிட்டது. நிரந்தர முகவரி திருச்சி. செப்டம்பர் முதல் வாரம், காலை பதினொன்றரை மணிக்கு அப்பா போன்.

"ஆபீஸ்லேர்ந்து உனக்கு ஒரு கவர் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கவா?"

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு இரட்டைப்பொருள் வாக்கியம் இருந்திருக்கும். தேட மனமில்லை. சொல்லிவிட்டேன். எத்தனை நாளாச்சு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சுன்னு நீ சொல்லிட்டுத்தான் இருந்திருக்கே. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சாதாரணமாகப் பொய் சொல்லி மாட்டியிருந்தால் அவர் என்மேல் கோபப்பட்டிருப்பார். நான் பொய்யன், அவர் ஏமாற்றப்பட்டவர், குற்றம் முழுக்க என் பக்கம். நான் செய்த காரியத்தில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தேன். நாற்பது வருஷமாகத் தினமும் இரண்டாவது பொருளைத் தேடுகிற மனிதர், பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து தினமும் வந்ததைக் கவனிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். பூ என்று அவன் சொல்லவில்லை, நீதான் சொல்லிக்கொண்டாய். அந்த வாக்கியம் அவரிடமே திரும்பிப் போயிருந்தது.

கேட்டவன்தானே தப்பாக ஊகித்தான், அதனால் சொன்னவனின் குற்றம் குறைகிறது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. அந்தப் பாதிக் குற்றம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தபின் எனக்கு அந்த வாதம் பிடிக்காமல் போய்விட்டது. எனக்குக் குறைந்தது அவர் தலையில் ஏறியது.

பாரதத்தில் தருமன் செய்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம், எல்லோருக்கும் தெரிந்த கதை. அசுவத்தாமன் செத்தான் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் முணுமுணுத்தான். நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே மிதந்த அவன் தேர் இறங்கிவிட்டது. புதிர் போடுகிறவனாக நான் பார்த்தால் தருமனின் குறிப்பு விதியை மீறியது, தடத்தின் ஒரு பாதி கேட்கிறவன் காதுக்கே போகவில்லை. என் குறிப்பில் அந்தக் குறைகூட இல்லை. எல்லாச் சொல்லும் காதில் விழுந்தது. அப்படியானால் என் தேர் எதற்காக இறங்கியது?

இதற்கு எனக்குக் கிடைத்த பதில் தொல்காப்பியத்தில் இருந்தது. கிளவியாக்கத்தில் பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வரும் வினையை வைத்தே எந்தப் பொருள் என்று தெரிந்துவிடுபவை ஒன்று, வினையை வைத்தும் தெரியாதவை இன்னொன்று. உரைகாரர்கள் 'மா' என்பதை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் மரம், குழப்பமில்லை. மா விழுந்தது என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பொருளைக் குறித்தாயோ அதை வெளிப்படையாக எடுத்துச் சொல் என்பது விதி. யாருக்கு? கேட்பவனுக்கு இல்லை. சொல்பவனுக்கு.

வேலை கிடைத்தது என்றால் உத்தியோகம்தான். வேலை முடிந்தது என்பதில்தான் சிக்கல். அன்றைய வேலையும் முடியும், உத்தியோகமும் முடியும். (பழந்தமிழில் வேலை என்றால் கடலும்கூட. கடல் மட்டும் முடியாது.) மா விழுந்ததைப்போல வேலையும் முடிந்திருந்தது. தெளிவாக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அதைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்திருந்தேன்.

அப்படியென்றால் குறுக்கெழுத்தில் மட்டும் அந்த விதியை மீறலாமா? மீறலாம். அங்கே கட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் உட்காருகிறார். இது ஏமாற்று என்று தெரிந்து, அதற்காகவே வருகிறார். எழுத்து எண்ணிக்கை கொடுத்திருக்கிறது. ஒரு விடை தப்பென்றால் குறுக்கே வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பாடியபோது கேட்பவர் இரண்டையும் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றுதான் பாடினார். நான் மாலை என்ற சொல்லைப் புடவைக்குப் பின்னால் ஒளிக்கும்போது அப்பா அதைக் கண்டுபிடிக்கவேண்டும் என்றுதான் ஒளிக்கிறேன். கொஞ்சம் தாமதமாக, ஆனால் கண்டுபிடிக்கவேண்டும். அவர் தோற்றுப்போனால் எனக்குச் சப்பென்று ஆகிவிடும். ஆறரை மணிப் போனில் அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே கட்டம் எதுவும் இல்லை. குறுக்கே வரும் எழுத்துகள் அத்தனையையும் நானே கையால் மூடியிருந்தேன்.

நவம்பரில் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் கொஞ்சம் குறைவு. அம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசிவிட்டாள். அப்பா பேசாமலே இருக்கவில்லை, அடுத்த நாளே ஆறரைக்குக் கூப்பிட்டார். இப்போதும் கூப்பிடுகிறார். ஆனால் வேலை முடிஞ்சுதா என்று கேட்பதில்லை. "இன்னைக்கு ஆபீஸ் போனியா?" என்று கேட்கிறார். "போய்ட்டு எத்தனை மணிக்கு ரூமுக்கு வந்தே?" யோசித்துச் செய்கிறாரா என்று தெரியாது. ஆனால் இரண்டு பொருள் வர வழியே இல்லாத கேள்விகள். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு மாமாவிடம் "என்ன சார், வேலை முடிஞ்சுதா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டதைக் கேட்டேன். அந்தச் சொல் எங்கள் இருவருக்கு நடுவில் மட்டும்தான் கெட்டுப்போயிருக்கிறது.

போன மாதம் ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழாவது குறுக்கில் முதல் எழுத்து 'வே' என்று விழுந்துவிட்டது, இரண்டாவது 'லை'. மாற்றலாம் என்று பார்த்தால் மேல் மூலை முழுவதையும் கலைக்கவேண்டும். கடலை வைத்து ஒரு குறிப்பு, முடிவதை வைத்து ஒன்று, அரை மணி நேரத்தில் நான்கைந்து நல்லதாகவே வந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டு "உத்தியோகம்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பேனாவால் நிரப்பிய கட்டத்தின் படம் வந்தது. கீழே அப்பாவின் குரல்பதிவு.

"பதினேழு குறுக்கு ரொம்ப நேரா இருக்கே?"

"ஆமாப்பா. நேராவே இருக்கட்டும்னுதான் வெச்சேன்" என்று பதில் போட்டேன்.

பார்த்துவிட்டதற்கு நீல டிக் வந்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னொரு குரல்பதிவு இருந்தது.

"சரி. ஒன்பது நெடுக்குல 'பழைய'ன்னு ஒரு சொல் சும்மா நிக்குது பாரு. அதுக்கு அங்க வேலையே இல்ல, எடுத்துடு."